ஏற்காட்டில் ஒரு கட்டை விரல்: ஒரு கட்டர் பிளேடின் கதை

சேலத்தில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். ஜிப்சம் சீலிங், பார்ட்டிஷன், வால்பேப்பர், பி.வி.சி. ரோல் தரை என்று எந்த வேலை வந்தாலும் எங்கள் ஆட்களின் கையில் நாள் முழுக்க இருக்கிற ஒரே சாமான் கட்டர்தான். டிரில் மெஷினுக்கும் அறுப்பு மெஷினுக்கும் ஆயிரம் ஜாக்கிரதை சொல்லிக் கொடுத்த நான் கட்டருக்கு ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்கூல் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில்கூடக் கிடக்கிற பொருள், இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற நினைப்பு. போன நவம்பரில் ஏற்காட்டில் நடந்ததையும், அதற்குப் பிறகு நான் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் முழுசாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருக்கிற யாருக்காவது உதவட்டும்.

பெயர்கள் வேண்டாம். வெட்டுப்பட்டவனைத் தம்பி என்றே சொல்கிறேன். 22 வயது, எங்களிடம் 3 வருஷமாக இருக்கிறான், வேலை சுத்தமாக இருக்கும். அன்று அவனோடு இருந்தவர் எங்கள் மேஸ்திரி.

நடந்தது

ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தங்கும் விடுதி, 4 அறை. முதல் நாள் பார்ட்டிஷனுக்கு 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு வெட்டி அடித்தார்கள், மறுநாள் காலையில் 2 மி.மீ. பி.வி.சி. ரோல் விரிக்க ஆரம்பித்தார்கள். அது வடகிழக்குப் பருவமழை நேரம், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காலை 10 மணி ஆனாலும் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்கிற நாட்கள் அவை. குளிரில் ரோல் விறைத்துப் போய், விரித்தால் விரித்தபடி கிடக்காமல் சுருண்டுகொண்டே இருந்ததாம்.

மூன்றாவது அறை வாசற்படியில் ஒரு நீளத் துண்டு வெட்ட வேண்டும். தம்பி முட்டி போட்டு உட்கார்ந்து, அலுமினிய ஸ்கேலை வைத்து இடது கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையில் இருந்த, 18 மி.மீ. அகலப் பிளேடு போட்ட கட்டரைத் தன் பக்கமாக இழுத்திருக்கிறான். முதல் இழுப்பில் ஷீட் பாதிதான் வெட்டுப்பட்டது. இரண்டாவது இழுப்பில் உடம்பு பாரத்தையும் சேர்த்துப் போட்டான். நடுவில் பிளேடு சிக்கியது. விடாமல் ஒரு வெடுக்கு வெடுக்கினான், அவ்வளவுதான், பிளேடு ஸ்கேல் மேல் ஏறிக் குறுக்கே ஓடி இடது கட்டை விரலின் மேல்பக்கம், கணுவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

"வலிக்கவே இல்லீங்கண்ணா, சில்லுன்னு இருந்துச்சு, அப்புறந்தான் ரத்தத்தையே பாத்தேன்" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மா பதறிப்போய் ஒரு கை காப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். காப்பித் தோட்டத்து ஊர், அங்கே வெட்டுக்காயம் என்றால் முதலில் கை போவது காப்பித்தூள் டப்பாவுக்குத்தான், நம் வீடுகளிலும் மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பிய பழக்கம் உண்டு. மேஸ்திரி வேண்டாம் என்று தடுத்தது பெரிய விஷயம். தூள் காயத்துக்குள் போய் அடைத்துக்கொண்டால் டாக்டர் அதைக் கழுவி எடுக்கவே தனியாகப் பாடுபட வேண்டும், அழுக்கும் உள்ளே போகும். துவைத்த துண்டை மடித்து வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிஷம் ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறார். ரத்தம் மட்டுப்பட்டதும் அவர் செய்த அடுத்த காரியம்தான் அந்த விரலைக் காப்பாற்றியது என்று சொல்வேன். "விரல் நுனியத் தூக்கு பாக்கலாம்" என்றார். தம்பியால் கட்டை விரலை மடக்க முடிந்தது, நுனிக் கணுவை மட்டும் நிமிர்த்த முடியவில்லை.

தோல் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் விரல் நிமிரும். நிமிரவில்லை என்றால் விரலை இழுக்கிற தசைநாண் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நாம் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் நரம்பு வேறு, அது அறுந்தால் தொட்டால் தெரியாமல் மரத்துப்போகும். இரண்டையும் சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. இரண்டில் எது இருந்தாலும் தோலுக்கு மட்டும் தையல் போட்டு அனுப்பிவிடும்படி விடக்கூடாது, கை அறுவை சிகிச்சை தெரிந்த டாக்டரிடம் போக வேண்டும். மலை மேலேயே கட்டுப் போட்டு டி.டி. ஊசியும் போட்டுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் தசைநாணைச் சேர்த்துத் தைத்தார்கள்.

நான் போய்ப் பார்த்தது

ஃபோன் வந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "கவனமில்லாம வெட்டிருப்பான்" என்பதுதான். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஆய்வு என்று எழுத உட்கார்ந்துவிட்டு அதை மறைக்க முடியாது.

எதையும் எடுத்து வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் முடிந்த மதியம் மேலே போனேன். தரையில் செய்தித்தாளை விரித்து கட்டர், ஸ்கேல், பாதி வெட்டிய ஷீட் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

முதலில் பிளேடு. கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கத் தேவையில்லை. பிளேடின் விளிம்பு நேராக நம் கண்ணைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு ஃபோன் டார்ச்சை மேலே காட்டினால் போதும். கூரான விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது, கறுப்பாகத் தெரியும். மழுங்கிய இடத்தில் வெள்ளைக் கோடாக மின்னும். இந்த வகைப் பிளேடில் குறுக்கே கோடு கோடாகக் கீறல் இருக்கும், மழுங்க மழுங்க முனையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக உடைத்துப் போடுவதற்கு. இந்தப் பிளேடில் முதல் கட்டம் முழுக்க வெள்ளைக் கோடு. முனையோ கூராகவே இல்லை, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உடைந்து மொட்டையாக நின்றது. முதல் நாள் ஜிப்சம் போர்டு வெட்டியதும் இதே பிளேடுதான். போர்டுக்குள் இருக்கிற சுண்ணாம்பு மாதிரியான பொருளும் இரண்டு பக்கத்துக் காகிதமும் சேர்ந்து கூரைத் தின்றுவிடும், சீலிங் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாவது, பிளேடு வெளியே நின்ற நீளம். 4 கட்டம் வெளியே இருந்தது. 2 மி.மீ. ஷீட்டுக்கு ஒரு கட்டமே தாராளம். எதற்கு இவ்வளவு நீட்டினான் என்று முதலில் புரியவில்லை. விளிம்பை மறுபடி டார்ச்சில் பார்த்தபோது புரிந்தது. மூன்றாவது கட்டத்தின் விளிம்பில்கூட வெட்டிய தடம் இருந்தது. முனை மழுங்கியதும் அதை உடைத்து எறியாமல், கட்டரைப் படுக்கப் போட்டுப் பின்னால் இருக்கிற கட்டங்களின் புதுக் கூரை வைத்து வெட்டப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிளேடு நீளமாக வெளியே வர வேண்டும். நீளமாக வந்த பிளேடு அழுத்தும்போது வில்லாக வளையும், வளைந்தது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, பூட்டு. பிளாஸ்டிக் உடல், தள்ளினால் டிக் டிக் என்று நிற்கிற சாதாரண ஸ்லைடர். முனையை ஒரு பலகையில் வைத்து அழுத்தினேன், ஒரு டிக் பின்னால் போனது, இன்னும் அழுத்தினேன், இன்னொரு டிக். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஸ்லைடர் பல் உட்காருகிற பள்ளங்களில் ஜிப்சம் தூள் ராத்திரிப் பனியில் ஈரமாகி மாவு மாதிரி அப்பியிருந்தது, பிளேடு உடம்பில் பழுப்புப் புள்ளிகளாகத் துரு. பல் முழுசாக இறங்கி உட்காரவே இல்லை.

நான்காவது, ஸ்கேல். அலுமினியம் மென்மையானது, கட்டர் ஒவ்வொரு முறை உரசும்போதும் அதன் விளிம்பைக் கொஞ்சம் சீவிக்கொண்டே போகும். விளிம்பில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளங்கள். 40 செ.மீ. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளத்தில் தொடங்கி, ஸ்கேலின் குறுக்கே சாய்வாக ஒரு கீறல், புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்தக் கீறல் எங்கே முடிகிறதோ அங்கேதான் அவன் கட்டை விரல் இருந்திருக்கிறது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் என்னால் எதையும் பார்க்க முடியவில்லை.

பிளேடு ஏன் மாற்றப்படவில்லை

கீழே வரும் வழியில் மேஸ்திரியிடம் கேட்டேன், புது பிளேடு கொண்டுபோகவில்லையா என்று. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஆளுக்கு ரெண்டுதாங்க எடுத்துட்டு வந்தோம். நீங்கதான் போன மாசம் கணக்கு எழுதி வாங்கச் சொன்னீங்களே."

சொன்னேன். அதற்கு முந்தைய ஒரு வேலையில் பிளேடு பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்ந்தது என்று எரிச்சலில், டப்பாவை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, யார் எத்தனை எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். 3 நாள் வேலைக்கு ஆளுக்கு 2 பிளேடு என்பது அவர்களாகப் போட்டுக்கொண்ட கணக்கு. யாரும் என்னிடம் வந்து போதாது என்று சொல்லவில்லை, சொல்லும்படி நானும் இருக்கவில்லை. தம்பியின் இரண்டாவது பிளேடு முதல் நாள் மதியமே இன்னொருவனுக்குக் கைமாறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டம் உடைத்திருக்கலாமே தம்பி என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு ரூம் இருந்துச்சேண்ணா, பிளேடு பத்தணுமே" என்றான்.

ஒரு கட்டம் உடைத்தால் போவது ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. கவனக்குறைவு என்று நான் ஃபோனில் சொன்னது தப்பு. மழுங்கின பிளேடுக்கு அதிக அழுத்தம் வேண்டும், அதிக அழுத்தத்தில் பிளேடு சிக்கும், சிக்கினதை விடுவிக்கிற வேகத்தில் கை கட்டுப்பாட்டை மீறும். கூர் பிளேடு வைத்திருந்தால் அவன் அந்த இரண்டாவது இழுப்பில் உடம்பு பாரத்தைப் போட்டிருக்கவே மாட்டான். அந்தக் கீறலின் ஒரு முனை என் மேஜை டிராயரில் இருக்கிறது.

இந்த உடைக்கிற பிளேடு எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1956-ல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் உருவாக்கியது. அச்சகத்தில் வேலை பார்த்தவர், அங்கே காகிதம் வெட்டுகிற சவர பிளேடு சீக்கிரம் மழுங்கி வீணாவதைப் பார்த்தவர். செருப்புத் தைக்கிறவர்கள் கண்ணாடித் துண்டு மழுங்கினதும் உடைத்துப் புது விளிம்பு எடுப்பதையும், கோடு போட்டு உடைக்கிற சாக்லேட் கட்டியையும் சேர்த்து யோசித்திருக்கிறார். அவருடைய கம்பெனியின் ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் உடைக்கிற பிளேடு என்று பொருள் தருகிற சொற்களிலிருந்து வந்ததுதான். உடைப்பதற்கென்றே பிறந்த பொருளை உடைக்காமல் சேமித்து வைக்கச் சொன்னேன் நான்.

எதை வாங்குவது

கடையில் கிடைப்பது பெரும்பாலும் 3 அகலம்: 9, 18, 25 மி.மீ. அகலம் கூடும்போது தடிமனும் கூடும், நல்ல கம்பெனி பிளேடுகளில் ஏறக்குறைய 0.38, 0.5, 0.7 மி.மீ. என்று வரும். 9 மி.மீ. வால்பேப்பருக்கும் ஸ்டிக்கருக்கும், அதற்கு மேல் எதற்கும் வேண்டாம். தரை ஷீட், அட்டைப்பெட்டி, ஜிப்சம் போர்டு எல்லாவற்றுக்கும் 18. தடித்த கார்ப்பெட், இன்சுலேஷன் ஷீட் என்றால் 25.

உடலைவிடப் பூட்டைத்தான் பார்க்க வேண்டும். ஸ்லைடர் பூட்டு மெல்லிய வேலைக்குச் சரி, அடிக்கடி நீட்டி மடக்க வசதி. அழுத்தி இழுக்கிற வேலைக்குத் திருகுப் பூட்டு, அதாவது சின்னச் சக்கரத்தைத் திருகி இறுக்குகிற வகை. வாங்கும்போதே கடையில் பிளேடை ஒரு கட்டம் நீட்டிப் பூட்டி, முனையை ஒரு மரத்துண்டில் வைத்து அழுத்திப் பாருங்கள், பின்னால் போனால் வேண்டாம். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினாலும் வேண்டாம். பிளேடு ஓடுகிற பள்ளம் பிளாஸ்டிக்காகவே இல்லாமல் உள்ளே தகட்டு உறை இருக்க வேண்டும்.

எங்கள் ஆள் ஒருவன் கேட்டான், நம்ம ஊர் எவர்சில்வர் ஊர்தானே, துருப் பிடிக்காத பிளேடே வாங்கிவிட்டால் என்ன என்று. நியாயமான கேள்வி. பாத்திரத்துக்குப் போகிற 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், துரு அண்டாது, ஆனால் அதைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்க முடியாது, அதில் பிளேடு செய்தால் கூர் நிற்காது. கடினமாகிற ஸ்டெயின்லெஸ் ரகம் தனியாக இருக்கிறது, அதில் பிளேடுகளும் வருகின்றன, ஈரமான இடத்துக்கும் சாப்பாட்டுப் பொருள் பார்சல் பிரிக்கிற இடத்துக்கும் நல்லது. எங்கள் வேலைக்குக் கார்பன் ஸ்டீல்தான். ஜப்பானிய முறையில் எஸ்.கே. 120 என்று போட்டிருந்தால் கார்பன் 1.2 சதவீத அளவில் இருக்கிற ஸ்டீல். நன்றாகக் கூராகும், கூர் நிற்கும், ஆனால் துருப் பிடிக்கும், வளைத்தால் பட்டென்று உடையும். கறுப்பு நிறத்தில் வருகிற பிளேடு இன்னும் கூர், அதன் முனையும் அதே அளவுக்குச் சீக்கிரம் உடையும், வால்பேப்பருக்கு அருமை, ஜிப்சத்துக்குப் போட்டால் பாழ்.

ஜிப்சத்துக்கு இப்போது தனிக் கட்டர் வைத்துவிட்டோம், சரிவக வடிவத்தில் இரண்டு முனையும் கூராக வருகிற பிளேடு போடுகிற தடித்த வகை. நீட்ட முடிகிற அளவு கொஞ்சம்தான், அதனால் வளையாது, ஒரு முனை போனால் திருப்பிப் போடலாம். அதே உடலில் கொக்கி பிளேடும் மாட்டலாம். பி.வி.சி. தரைக்கு அந்தக் கொக்கி பிளேடு எவ்வளவு பொருத்தம் என்பதை 11 வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இப்போதுதான் கண்டுபிடித்தேன். விளிம்பில் மாட்டி இழுத்தால் ஷீட்டைத் தன்னுள் இழுத்து வெட்டும், கீழே தரையில் கீறல் விழாது, ஸ்கேல் மேல் ஏறுவதும் அரிது.

இப்போது நடக்கிற விதம்

டிராயர் பூட்டு போய்விட்டது. ஒவ்வொரு வேலைப் பெட்டியிலும் ஒரு முழு பாக்கெட் பிளேடு, கூடவே ஒரு பால்பவுடர் டின், மூடியில் உளியால் ஒரு நீளக் கீறல் போட்டது. உடைத்த கட்டங்கள் எல்லாம் அதற்குள்ளே. டின் நிறைந்ததும் டேப் சுற்றி, வெளியே பிளேடு என்று பெரிதாக எழுதிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறோம். முன்னால் சாக்குக் குப்பையோடு போட்டுக்கொண்டிருந்தோம், அதை வெறுங்கையால் அள்ளுகிற தூய்மைப் பணியாளர் அம்மாவின் கையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

உடைக்கிற விதம்: ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கட்டரின் வாய்க்கு வெளியே விட்டுப் பூட்ட வேண்டும். கீறல் தெரிகிற பக்கம் மேலே இருக்க, அந்தக் கட்டத்தைக் கட்டிங் பிளேயரால் முழுசாகப் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி, கீழ்நோக்கி மடக்கினால் சுத்தமாக உடையும். விரலால் உடைப்பது, சுவரில் தட்டி உடைப்பது, செருப்புக்கு அடியில் வைத்து உடைப்பது, இவற்றை நான் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

எப்போது உடைப்பது என்பதற்குக் காலக் கணக்கு வைக்கவில்லை. வெட்டும்போது சத்தம் மாறும். கூர் பிளேடு ஷீட்டில் சரசரவென்று ஒரே சீராகப் போகும், மழுங்கினது கரகரக்கும், வெட்டின விளிம்பில் பிசிறு நிற்கும். பிசிறு பார்த்தாயா, உடை. இதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

வெட்டுவதைப் பொறுத்தவரை நாங்கள் மாற்றியதில் முக்கியமானது, ஒரே இழுப்பில் வெட்டி முடிக்கிற கெத்தை விட்டதுதான். முதல் இழுப்பு வெறும் கோடு, எழுதுகிற அழுத்தம் போதும். இரண்டாவது அந்தக் கோட்டுக்குள் தானாக ஓடும். மூன்றாவதில் ஷீட் பிரியும். ஸ்கேல் ஸ்டீல் மட்டும், தடித்தது, அடியில் ரப்பர் பட்டை ஒட்டியது. அமுக்குகிற கையின் விரல்கள் எல்லாம் ஸ்கேலின் உள்பக்கத்தில், கட்டை விரல் விளிம்பைத் தாண்டி நீட்டக்கூடாது, பிளேடு ஓடுகிற பாதைக்கு நேராக முட்டியோ தொடையோ இருக்கக்கூடாது. குளிர் இடத்தில் ரோலை முதல் நாளே அறைக்குள் விரித்துப் போட்டுவிடுகிறோம். அமுக்குகிற கைக்கு மட்டும் வெட்டுத் தாங்குகிற கையுறை வாங்கியிருக்கிறோம், கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரக்குறியான ஈ.என். 388 அடையாளத்தில், வெட்டுத் தாங்குவதில் சி அளவு. அது விளிம்பு உரசுவதைத்தான் தாங்கும், முனை குத்துவதை அவ்வளவாகத் தாங்காது என்பதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சாயங்காலம் பிளேடை வெளியே எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளத்தில் இருக்கிற தூளைத் தட்டி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஆரம்பத்தில் பையன்கள் தேங்காய் எண்ணெய் போட்டார்கள், சேலத்தில் அது சரியாகத்தான் இருந்தது, ஏற்காட்டில் உறைந்து பூட்டையே பிடித்துக்கொண்டது. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் இறுகிவிடும், மலையில் நவம்பர் முழுக்க அப்படித்தான். காலையில் வெட்டுவதற்கு முன்னால் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வால்பேப்பரில் கறை விழும், எண்ணெய் பட்ட இடத்தில் பசையும் பிடிக்காது.

கை

ஆறு வாரம் கட்டை விரலை நிமிர்த்தி வைக்கிற பட்டை போட்டிருந்தார்கள். அதன் பிறகு தினமும் பயிற்சி, முதலில் தானாக நிமிர்த்துவது, பிறகு ரப்பர் பந்து. அந்த நாட்களின் சம்பளம் என் பொறுப்பு, அதைப் பேசவே வேண்டியதில்லை. நுனிக் கணு இப்போதும் முழுசாக நிமிரவில்லை, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, குளிர்ந்தால் இறுகுகிறது என்கிறான்.

பிப்ரவரி கடைசியில் அதே ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் தரை வேலை வந்தது. நீ கீழேயே இரு என்றேன், கேட்கவில்லை, வந்தான். மதியம் நான் போனபோது வாசற்படித் துண்டை வெட்டிக்கொண்டிருந்தான், மூன்றாவது இழுப்பு. வெட்டி முடித்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, பிளேயரை எடுத்து ஒரு கட்டத்தை உடைத்து டின்னில் போட்டான். டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். "எத்தனைடா?" என்றேன். "எண்ணலீங்கண்ணா" என்றான்.